தூசி ஏரியும் பல்கலைக்கழகமும்

காஞ்சிபுரம் என்றவுடன் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. உள்ளூரில் பிறந்து வளர்ந்து, இவ்வட்டாரத்துப் பள்ளிகளிலேயே ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்ற என் போன்றோர்க்கு மூன்றாவதாக ஒன்றும் நினைவுக்கு வரும். அது ஏரி. தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாறே. வானம் தரும் நீரைத் தேக்கி வைத்தால் சோறு, தேக்காவிட்டால் இல்லை. ஆகவே பல்லவர் காலத்திலிருந்தே இந்நாடு ஏரிகளின் நாடாக இருந்து வருகிறது. தமிழகம் முழுவதும் எண்ணினால் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு என்று அரசாங்கக் கணக்கு கூறும். அவற்றில் பல நம் வடபுலத்து மாவட்டங்களில் உள்ளன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவ்வேரிகளுள் ஒன்றையும், அதனைக் காணச் சென்ற கல்வியாளர்களையும் பற்றியது. நீர், நிலம், காற்று, காடு ஆகியவற்றின் நலத்தை ஆராய்வதைச் சுற்றுச்சூழல் கல்வி என்கிறோம். இக்கல்வியை எத்துறையினர் கற்பிப்பது, வேதியியலாரா, புவியியலாரா, பொருளாதார அறிஞரா என்னும் வழக்கு உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் நடந்து வந்திருக்கிறது. அவ்வழக்கின் வரலாற்றில் நம் காஞ்சிக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1915-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கு இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் வந்து பணி செய்தனர். ஒருவர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். அவர் படித்தது உயிரியல். டண்டீ நகரத்துக் கல்லூரியில் தாவர இயல் பேராசிரியர். ஆயினும் உலகம் அவரை நகரமைப்பு அறிஞராகவே அறியும். செடி ஒன்று மண், நீர், வெயில், பூச்சி இவற்றோடு கூடி வாழ்வது போல, நகரமும் தன் ஆறு, தொழில், மக்கள் ஆகியவற்றோடு கூடி வாழும் உயிர் என்பது அவர் கொள்கை. இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் ஒருசேரப் பார்த்தாலன்றி எந்த ஊரையும் புரிந்துகொள்ள இயலாது என்று அவர் ஓயாது சொல்லி வந்தார்.

சென்னைக் கவர்னராயிருந்த பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் அவர் தம் நகரக் கண்காட்சியுடன் புறப்பட்டார். படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை 1914 அக்டோபரில் இந்துமாக் கடலில் மூழ்கடித்தது எது தெரியுமோ? நம் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிச் சென்ற அதே எம்டன் கப்பல்தான்! இன்றும் சூழ்ச்சிக்காரனை ‘அவன் எம்டன்’ என்று சொல்லும் நமக்கு, எம்டன் நகரமைப்புக் கலைக்கும் தீங்கு செய்தது என்பது புதுச்செய்தியாக இருக்கலாம். நண்பர்கள் அனுப்பிய வேறு படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தேறியது.

கெடிஸ் மாகாணத்தின் நகரங்கள் பலவற்றைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். காஞ்சியின் அமைப்பு அவர் மனத்தைக் கவர்ந்தது. கோயில்களின் பெருமையை மட்டும் அவர் பாராட்டவில்லை. கோயிலும், தேர் ஓடும் வீதியும், தோப்பும், குளமும், எளியோர் குடியிருப்பும் ஒரே திட்டத்தில் பொருந்தியிருப்பதையே வியந்தார். சி. பி. வெங்கட்டராம ஐயர் பண்டைத் தக்காணத்தின் நகரமைப்பைப் பற்றி எழுதி 1916-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இக்கருத்தைக் காணலாம். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவரும் கெடிஸே.

இன்னும் ஒன்று. அக்காலத்துச் சுகாதார அதிகாரிகள் கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் என்றனர். மருத்துவத் துறையின் கண்ணுக்குக் குளம் என்பது மலேரியா. கெடிஸ் அதனை ஒப்பவில்லை. குளம் வெயிலில் காற்றைக் குளிர்விக்கிறது. பெருமழையில் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. கொசு வேண்டாமென்றால் மீனையும் வாத்தையும் வளருங்கள், அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று எழுதினார். உயிரியல் படித்தவர் நகரமைப்பில் புகுந்ததால் வந்த விடை இது. மருத்துவர் மட்டும், அல்லது பொறியாளர் மட்டும் இருந்திருந்தால் குளம் போயிருக்கும். பின்னர் அப்படிப் போன குளங்கள் தமிழகத்தில் எத்தனையோ. அவற்றின்மேல் பேருந்து நிலையங்கள் நிற்கின்றன.

கெடிஸ் 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். தாவர இயலாரைச் சமூகவியல் கற்பிக்க அமர்த்திய அப்பல்கலைக்கழகத்தின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் கருத்தைத் தொட்டு லக்னோவில் ராதாகமல் முகர்ஜி, சமூகமும் இயற்கையும் பிணைந்திருக்கும் முறையை ஆராயும் கல்வி ஒன்றினை வளர்த்தார். ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அவ்வழியில் செல்லவில்லை.

1915-இல் வந்த மற்றொருவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். திராவிடப் பண்பாட்டைப் பற்றி அவர் 1924-இல் எழுதிய நூலைத் தமிழன்பர் சிலர் அறிந்திருப்பர். அவர் இங்கு வந்து பார்த்தபோது மாணவர்கள் இங்கிலாந்தின் ஆலைகளைப் பற்றியும் வங்கிகளைப் பற்றியும் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தனர். அவர்கள் பிறந்த ஊரைப் பற்றி ஒரு வினாவும் கிடையாது. ஸ்லேட்டர் ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார். விடுமுறைக்குக் கிராமம் செல்லும் மாணவர் கையில் அதைக் கொடுத்தார். நிலம் யாரிடம் இருக்கிறது? கூலி என்ன? கடன் எவ்வளவு? நீர் எங்கிருந்து வருகிறது? விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். 1916-இல் தொடங்கிய இவ்வேலை 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தது. இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களோடு அதில் இடம்பெற்ற இன்னோர் ஊர் தூசி.

தூசி எங்கே இருக்கிறது? காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு வழியாகப் பாலாற்றைக் கடந்து, வந்தவாசி செல்லும் சாலையில் சற்றுத் தொலைவு போனால் வந்துவிடும். அன்று வட ஆர்க்காடு மாவட்டம். இன்று திருவண்ணாமலை மாவட்டம். மாவட்டம் எதுவாயினும், சந்தைக்கும் தறிக்கும் கோயிலுக்கும் அவ்வூரார் நாடுவது காஞ்சியையே. தூசி என்ற சொல்லுக்குப் புழுதி என்றும், படையின் முன்னணி என்றும் இரு பொருள் உண்டு. ஊருக்கு எது பொருந்தும் என்னும் வழக்கைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன்.

அங்கே உள்ளது தூசி மாமண்டூர் ஏரி. வட தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று. மாமண்டூர்க் குன்றில் நான்கு குடைவரைகள் உள்ளன. ஒன்றில் முதலாம் மகேந்திரவர்மனின் வடமொழிக் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. ஏரிக்குச் சித்திரமேகத் தடாகம் என்பது பழம்பெயர். அதனை வெட்டுவித்தவன் மகேந்திரனே என்பது மரபு. பாலாற்றின் வடபுறத்தில் மகேந்திரவாடிக் குடைவரையிலோ, மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் பெயர் கல்வெட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. குன்றைக் குடைந்த அரசன் அதன் அடிவாரத்தில் குளத்தையும் தோண்டினான். கலைக்கு ஓர் அமைச்சு, நீருக்கு ஓர் அமைச்சு என்ற பிரிவு அன்று இல்லை போலும்!

1850-களில் வாலாசாப்பேட்டைக்கு அருகே ஆங்கிலேயப் பொறியாளர்கள் பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு ஒன்று கட்டினர். அதிலிருந்து பிரியும் கால்களில் ஒன்று மகேந்திரவாடிக்கும், ஒன்று காவேரிப்பாக்கத்துக்கும், ஒன்று தூசிக்கும் செல்கின்றன. பல்லவன் வெட்டிய ஏரிக்கு வெள்ளையன் கட்டிய அணையிலிருந்து நீர். ஆற்றில் வெள்ளம் வந்தால் வரத்துக்காலில் நீர் வரும்; வரத்துக்கால் தூர்ந்திருந்தால் வெள்ளம் வந்தும் பயனில்லை.

இப்போது நேயர்கள் ஒரு காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இருபதாம் நூற்றாண்டில் இந்த ஒரே ஏரிக்கரைக்கு எத்தனை வகை அறிஞர் வந்தனர்! கல்வெட்டுத் துறையினர் வந்து குகையில் எழுத்தைப் படி எடுத்தனர். கலை வரலாற்றினர் தூணின் தாமரையை அளந்தனர். பொறியியல் துறையினர் கரையையும் கலிங்கையும் மதகையும் கணக்கிட்டனர். பொருளாதாரத் துறையினர் வீடு வீடாகச் சென்று கடனையும் கூலியையும் கேட்டனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததாக அடையாளம் குறைவு. ஒரே கரையில் நின்றும், ஒவ்வொருவரும் தம் துறைக்கு உரிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டணம் திரும்பினர்.

பொருளாதாரத் துறையினரின் விடாமுயற்சியை மட்டும் தனியே பாராட்ட வேண்டும். ஸ்லேட்டர் ஆராய்ந்த ஊர்களுக்கு 1936-37-இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் மறுபடி ஆய்வாளர்களை அனுப்பினர். முடிவு 1940-இல் நூலாயிற்று. 1961-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் அம்மையார் வந்தார். 1980-களின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகன் மேற்கொண்ட மறு ஆய்வு 1984-இல் வெளியாயிற்று. குகன் ஆட்சிப் பணியில் நிதித் துறைச் செயலராக இருந்தவர். அரசாங்கக் கோப்பையும் வயல் வரப்பையும் ஒருங்கே அறிந்தவர். அவர் பணியாற்றிய நிறுவனத்தை 1971-இல் நிறுவியவர் நம் வேலூர் மண்ணின் மைந்தர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டுத் தாயகம் திரும்பியவர் அவர். ஆக, எழுபது ஆண்டுகளுக்குள் ஓர் ஊரை நான்கு முறை பார்த்திருக்கிறார்கள். நான்கு தலைமுறை மாணவர்கள் ஒரே வாசற்படியில் ஏறி ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இத்தகைய ஆவணம் உலகில் எல்லா நாட்டிலும் கிடைத்துவிடாது.

ஆனால் அந்த எழுபது ஆண்டுகளில் தொண்டை நாட்டு ஏரிப் பாசனத்தில் நிகழ்ந்த பெரிய மாறுதல் எந்தத் தனித் துறையின் வினாப்பட்டியலிலும் முழுமையாக அடங்குவதாக இல்லை. அதை விளக்குகிறேன்.

ஏரி நிறைந்தால் நீர் மதகு வழியே வயலுக்குப் போகிறது. அது கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இறங்கி, ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறுவதும் அதே நீர்தான். முன்பு கிணற்றிலிருந்து கவலையும் ஏற்றமும் கொண்டு இறைத்தனர். மாடு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவே நீர். 1950-களிலும் 60-களிலும் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. எண்ணெய் எந்திரமும் மின் எந்திரமும் வந்தன. பின்னாளில் உழவுக்கு மின்சாரம் இலவசமாகவே கிடைத்தது. கிணறு உடையவன் ஏரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று எண்ணத் தொடங்கினான். ஊரில் வசதியுள்ளவன் அவனே. பழைய குடிமராமத்து நாளில் ஆள் கூட்டி வரத்துக்காலை வெட்டச் சொல்பவனும் அவனே. அவன் ஒதுங்கியபின் வரத்துக்காலை வெட்டச் சொல்ல ஆளில்லை. வரத்துக்கால் தூர்ந்தது, ஏரியில் வண்டல் ஏறியது, ஏரி நிறையவில்லை. ஏரி நிறையாததால் அவனுடைய கிணற்றிலேயே ஊற்று இறங்கியது. ஆழ்துளை போட்டான். பக்கத்து வயல்காரனின் ஆழமில்லாத கிணறு வற்றிற்று. கிணறே இல்லாத ஏழை, விளைச்சலில் பங்கு கொடுத்து நீரை விலைக்கு வாங்கினான்.

நேயர்களே, இது எந்தத் துறைக்குரிய கேள்வி? வண்டல் என்றால் பொறியியல். பாறைக்கடியில் நீர் எவ்வாறு ஊறுகிறது என்றால் நிலவியல். எந்திரம் வாங்கக் கடன் எங்கிருந்து வந்தது என்றால் பொருளாதாரம். குடிமராமத்து ஏன் தளர்ந்தது என்றால் வரலாறு. தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற உரிமை எங்கிருந்து வந்தது என்றால் சட்டம். 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. நீரை விலைக்கு வாங்கும் ஏழை யார், எந்தச் சேரியைச் சேர்ந்தவன் என்றால் சமூகவியல். ஐந்தாறு துறைகள் கூடினாலன்றி ஒரு வற்றிய கிணற்றின் வரலாற்றை எழுத இயலாது. அரசாங்கத்திலும் இதே கதைதான். கரையும் மதகும் நீர்வளத் துறையினுடையவை. அதுவும் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்டால்தான், குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டியது வருவாய்த் துறை. ஏரிக்குள் வளர்க்கும் கருவேல மரங்கள் வனத்துறைக்கு. நீர் இல்லாவிட்டால் மட்டும் அது ஒருவருடைய பொறுப்பும் அன்று!

பழங்காலத்தில் இதற்கு ஏற்பாடு இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடப் புத்தகத்தில் குடவோலை முறைக்காக மட்டும் படிக்கிறோம். முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் கூறும் வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. ஏரியில் தூர் வாரும் ஓடங்களுக்கென்று பொன் வைத்த அறக்கட்டளைகளும் தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் உண்டு. அவ்வாரியங்களில் எளியோர்க்கு இடமிருந்ததில்லை; சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடையவரே தகுதியுடையவர். ஆகையால் அதனைப் பொற்காலம் என்று கொண்டாட நான் முற்படவில்லை. ஆனால் ஏரி முழுவதும் ஒரு கூட்டத்தின் பொறுப்பில் இருந்தது என்பதை மறுக்கவும் இயலாது.

பல துறையினர் கூடி ஆராயும் முயற்சி நம் பகுதியில் 1973-74-இல் நிகழ்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களை ஆராய்ந்தனர். அதே குழுவினர் இலங்கையில் அம்பாந்தோட்டை மாவட்டத்தையும் ஆராய்ந்தனர். தலைமை தாங்கியவர் பி. எச். ஃபார்மர் என்னும் புவியியலார். பொருளாதாரம், மானிடவியல், புள்ளியியல், ஆட்சியியல் வல்லார் உடனிருந்தனர். புதிய நெல் விதைகள் பசுமைப் புரட்சியை உண்டாக்கிவிட்டனவா என்பதே அவர்கள் கேள்வி. 1977-இல் வந்த அவர்களது நூலின் தலைப்பிலேயே பசுமைப் புரட்சி என்ற சொல்லுக்குப்பின் ஒரு வினாக்குறி இருக்கிறது. எனக்கு அந்த வினாக்குறியின் மேல் தனி மதிப்பு உண்டு. விதையைப் பற்றிக் கேட்கப் போனவர்கள், கிணற்றைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் நீரைப் பங்கிடும் முறையைப் பற்றியும் எழுத வேண்டியதாயிற்று. பல துறையினர் ஒரே திண்ணையில் அமர்ந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. இதே மாவட்டத்தில் 1982-84-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும், 1990-களில் பார்பரா ஹாரிஸ்-வைட், எஸ். ஜனகராஜன் குழுவினரும் ஆய்வைத் தொடர்ந்தனர். ஜனகராஜனின் எழுத்துகளில் நிலத்தடி நீர் நடுநாயகமான பொருளாகவே ஆகிவிட்டது. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அங்கே இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் பொறியியலோடு வேளாண்மையையும் சமூகவியலையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்திருக்கிறது.

உலக அரங்கில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாடு. 1977-இல் ஜார்ஜிய நாட்டுத் திபிலிசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி எல்லாத் துறைகளையும் தழுவியதாக இருத்தல் வேண்டும் என்றது. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப்புலம் 1970-களிலேயே ஏற்பட்டுவிட்டது. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இக்கல்வியைக் கட்டாயமாக்க ஆணையிட்டது. ஆணை பிறந்த பிறகும் பல்கலைக்கழகங்கள் அசையப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. மீண்டும் நீதிமன்றம் வலியுறுத்திய பின்னரே, பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்ட வகுப்புகளுக்கும் ஆறுமாதப் பாடம் ஒன்றை வகுத்தது. அதற்குப் பாடநூல் எழுதியவர் எராக் பரூச்சா. தொழிலால் அவர் அறுவை மருத்துவர்! கெடிஸ் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இடையில், நம் பாலாற்றின் வழக்கு. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும், ஐயம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும் என்னும் இரு கொள்கைகள் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அத்தீர்ப்பால். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் சாகுபடிக்கு முழுதாகவோ பகுதியாகவோ தகுதியற்றுப் போயிற்று என்ற கணக்கை நீதிபதிகளுக்குக் கொடுத்தது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம். மண்ணியலார் அளந்தனர், சட்டத்தார் வாதாடினர், பாதிக்கப்பட்ட குடிமக்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். மாசு படிந்த அந்த மணலின் வழியே கீழ்நோக்கி வருவதுதான் காஞ்சியின் பாலாறு.

காஞ்சியிலேயே சாயத் தொழில் இருக்கிறதே, அதைப் பேசாமல் தோல் தொழிலை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. கச்சாப் பட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கோந்து. சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்து அதை நீக்கினால்தான் பளபளப்பு வரும், சாயம் ஏறும். உப்பு நீரில் சோப்பு நுரைக்காது. ஆகவே எந்தத் தெருக் கிணற்று நீர் நல்லது என்பதைச் சாயக்காரர்கள் நாவால் அறிந்து வைத்திருந்தனர். பிள்ளையார்பாளையத்தில் முதிய சாயக்காரர் ஒருவர் என்னிடம், ‘‘வாத்தியார் ஐயா, அரக்குச் சிவப்பு நம்ம கையில் இல்லைங்க, கிணத்துல இருக்குது’’ என்று சொன்னதுண்டு. வேதியியல் வகுப்பில் கடின நீர் என்று நாங்கள் எழுதிப் போட்டதை அவர் தொழிலாக வாழ்ந்தார். சாயப்பட்டறைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேரச் சேர, வேகவதி ஆறு பெயரளவில் ஆறாயிற்று. நல்ல நீர் கெட்டால் நல்ல சாயமும் கெடும். காஞ்சிப் பட்டின் பெயரும் உடன் போகும். ஆற்றைக் காப்பாற்றுவதா, சாயக்காரரின் பிழைப்பைக் காப்பாற்றுவதா என்று இதனை இரு கட்சிகளின் சண்டையாக நடத்துகிறோம். அந்த முதியவரைக் கேட்டால் இரண்டும் ஒரே கிணறு என்பார்.

மானியக் குழு வகுத்த முதற் பாடத்திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. மொத்தம் 50 விரிவுரைகள். அவற்றில் ஐந்து விரிவுரை நேரம் களப்பணிக்கு. மாணவர் தம் ஊர் ஆற்றையோ குன்றையோ, மாசடைந்த இடம் ஒன்றையோ நேரில் கண்டு எழுத வேண்டும். நூறு மதிப்பெண்ணில் 25 அதற்கு உண்டு. ஸ்லேட்டரின் வினாப்பட்டியல் தொண்ணூறு ஆண்டு கழித்து வேறு உடையில் திரும்பி வந்தது என்றே நான் கொள்கிறேன். நடைமுறை வேறு. என் உறவுப் பெண் ஒருத்தி இவ்வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் படித்தாள். அவளது களப்பணி ஏட்டைப் பார்த்தேன். கங்கை நதி மாசடைந்த கதை அச்சுப் பிசகாமல் எழுதப்பட்டிருந்தது. வண்ணப் பென்சிலில் படமும் இருந்தது. ‘‘வேகவதியைப் பார்த்தாயா அம்மா?’’ என்றேன். ‘‘அது சிலபஸில் இல்லை தாத்தா, கைடில் கங்கைதான் இருக்கிறது’’ என்றாள். பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வணிகவியல் துறை அப்பாடத்தைத் தன் பாடமாகக் கருதவில்லை. அறிவியல் துறையினர், வணிகவியல் மாணவர்க்கு இது போதும் என்று விட்டிருந்தனர். எல்லாத் துறைக்கும் பொதுவான பாடம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமற் போய்விட்டது, ஏரியைப் போலவே.

பின்னர் பாடத்திட்டம் திருத்தப்பட்டது. 2023-இல் புதிய வழிகாட்டு நெறிகளும் வந்துள்ளன. நெறிகள் நல்லவையே. ஆனால் பிற துறை ஆசிரியரோடு சேர்ந்து ஒரு வகுப்பை நடத்த நம் கல்லூரி நேர அட்டவணையில் இடமிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பள்ளியில் நான் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பை ஏரிக்கு அழைத்துச் சென்று, கணக்கு ஆசிரியரை மதகின் வழியே பாயும் நீரை அளக்கச் சொல்லியும், வரலாற்று ஆசிரியரைக் கல்வெட்டின் முன் நிற்கச் சொல்லியும், அறிவியல் ஆசிரியரை நீரைக் குப்பியில் எடுக்கச் சொல்லியும் ஒரு பகல் கழித்தோம். ஆசிரியர் மூவரும் ஒருவர் பாடத்தை ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை என்று அவர்களே கூறினர். தமிழாசிரியர் மட்டும் ஏரிக்கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்பதே தம் துறை என்றார். அதுவும் ஒரு துறைதான்.

தூசியை ஆராய்ந்த நால்வர் நூல்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க இன்று இயலும். முதலாவது நூலுக்கு நூறாண்டு கடந்துவிட்டது. ஸ்லேட்டர் மாணவரின் வினாக்களில் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, புதியனவாக நான்கைந்து சேர்த்தால் போதும். வரத்துக்காலில் எத்தனை நாள் நீர் வந்தது? ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை அடி? கிணற்று நீரின் உப்பு எவ்வளவு? ஊரைவிட்டுத் தறிக்கோ தொழிற்சாலைக்கோ சென்றவர் எத்தனை பேர், அவர் நிலத்தை இப்போது உழுபவர் யார்? வேதியியல் மாணவர் ஒருவர், பொருளாதார மாணவர் ஒருவர், வரலாற்று மாணவர் ஒருவர் சேர்ந்து சென்றால் ஒரு விடுமுறையில் முடிந்துவிடும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிப் பேருந்தில் ஏறினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் போவது நல்லது. நல்ல மழை பெய்த ஆண்டாயின் அப்போது ஏரியில் நீர் இருக்கும். வரத்துக்காலைக் காண வேண்டுமானால் பங்குனியில் மறுபடி ஒருமுறை போக வேண்டும். நீர் இல்லாதபோதுதான் அதன் அடிமட்டம் தெரியும்.